அறை பதினான்கின் கூடை

17 ஆகஸ்ட் 2014, ஞாயிறு

இன்று கடையில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இதைப் போய் எழுதக் காரணம் இருக்கிறது. மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஸ்டூல் மேல் யாருடைய கைப்பையாவது இருக்கும், நைட்டிக் கட்டு இருக்கும், சில சமயம் யாராவது ஒருத்தியே ஏறி நின்றுகொண்டிருப்பாள். எனக்கு இடம் கிடைத்ததே இல்லை. இன்று கிடைத்தது. நல்ல சகுனம் இல்லை.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், டீக்கடைக்கும் லாட்ஜுக்கும் நடுவே எங்கள் ‘அம்சா ரெடிமேட்ஸ்’. அம்மா பெயர் அம்சவல்லி. ‘வல்லி’க்கு போர்டில் இடம் போதவில்லை. செல்போன் கம்பெனி ஹாஸ்டல் பெண்கள்தான் வாடிக்கை. வேலை செய்யும் லைனுக்குள் கைப்பை கூடாது, லாக்கர் சாவியை எங்கே வைப்பது என்று ஒருத்தி அழுதாள் என்பதற்காக, அம்மா அவள் சுடிதாரின் பக்கத் தையலைப் பிரித்து ஒரு பாக்கெட் வைத்துக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு நாற்பது பேர் வந்தார்கள். அன்றிலிருந்து பாக்கெட் சுடிதார் என்றால் அம்சா கடை.

இப்போது கம்பெனியில் வேலை குறைந்துவிட்டது. பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். மீதிப் பேர் தீபாவளிக்கு மேல் இருக்க மாட்டார்களாம். எல்லாரும் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கம். அவர்கள் போய்விட்டால் அம்மா யாருக்குத் தைப்பாள்?

அதற்குத்தான் பெரியப்பா மகன் பிரவீன் அண்ணன் வெப்சைட் போட்டிருக்கிறான். “எந்த ஊருக்குப் போனாலும் கடை கூடவே போகும், சித்தி,” என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். திரை முழுக்க ஒரு பேனர். அதில் ஒரு பெண் காற்றில் துப்பட்டாவைப் பறக்கவிடுகிறாள். பேனர் வைக்க இது என்ன காதுகுத்தா என்று கேட்டேன். தலையில் ஒரு குட்டு.

18 ஆகஸ்ட்

ஹாஸ்டலில் அறை பதினான்கு பூமாரி அக்கா போனில் எங்கள் கடையைத் திறந்து பார்த்தாள். அவளுடைய நெட் ரீசார்ஜ் மொத்தமும் காலி. துப்பட்டா பாதிதான் பறந்ததாம்.

20 ஆகஸ்ட், புதன்

பாலிடெக்னிக் விட்டதும் நேராக ஹாஸ்டலுக்குப் போனேன். அறை பதினான்கில் ஆறு பேர், ஒரு டச் போன். கேமரா போனை லைனுக்குள் விடமாட்டார்கள் என்பதால் ஆளுக்கொரு பட்டன் போன் வைத்திருக்கிறார்கள். டச் போன் ஆறு பேரும் சேர்ந்து வாங்கியது. ஆளுக்கு ஒரு நாள், ஞாயிறு பொது.

பூமாரி அக்கா கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷன். நாள் முழுக்கப் போனை அமுக்கி அமுக்கிப் பார்ப்பதுதான் வேலை. எங்கள் கடையையும் அப்படியே அமுக்கினாள். ஒரு பட்டனையும் விடவில்லை. பிறகு “ரிஜெக்ட்” என்றாள்.

எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறதாம். பட்டன் மேல் மூலையில் இருக்கிறதாம். “ஒத்தக் கையிலதாம்ட்டி போனு இருக்கும். மத்தக் கையில துணி பக்கெட்டு. பெருவிரலு எட்டுத இடத்துல வைக்காம அங்ஙன கொண்டு வச்சா எவ எட்டுவா?”

அதைவிட மோசம், துணிகளின் பெயரை அண்ணன் தமிழில் போட்டிருந்தான். அந்தப் போனில் தமிழ் வரவில்லை. வரிக்கு வரி கட்டம் கட்டமாக நிற்கிறது. அம்மாவுக்குக் கட்டம் சரியில்லை என்று ஜோசியர் சொன்னது ஜாதகத்தை என்றல்லவா நினைத்தோம்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

பேனர் இறங்கிவிட்டது. அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இன்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் போட்டோ. சுடிதாரைப் போட்டுக்கொண்டு நிற்க எல்லாருக்கும் ஆசை. முகம் தெரியக் கூடாது என்று வார்டன் சொல்லிவிட்டார். எனவே கழுத்துக்குக் கீழே மட்டும். பாக்கெட்டில் கைவிட்டபடி ஆறு பேர். தலை இல்லாவிட்டாலும் யார் யார் என்று எனக்குத் தெரியும். சிரிக்கும்போது வயிறு குலுங்குவது சுகப்பிரியா அக்கா. ஜூனில்தான் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஊரில் இருக்கிறார், இவள் ஷிஃப்டில் இருக்கிறாள். இடுப்பில் கை வைத்து சூப்பர்வைசர் மாதிரி நிற்பது பூமாரி அக்கா.

படங்களைச் சுருக்கிச் சுருக்கி ஏற்றினோம். படம் சுருங்கச் சுருங்க அண்ணன் முகமும் சுருங்கியது. பெயர்களை இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகவே போட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பூமாரி அக்கா திறந்தாள். பத்து எண்ணுவதற்குள் வந்துவிட்டது.

“பாஸ்,” என்றாள். எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட இவ்வளவு சந்தோஷம் வரவில்லை. (ரிசல்ட் அப்படி.)

14 செப்டம்பர், ஞாயிறு

முகவரி கேட்கும் பக்கம் வந்ததும் எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். கதவு எண், தெரு, தாலுகா, பின்கோடு. இவ்வளவையும் பெருவிரலால் அடித்து முடிப்பதற்குள் அடுத்த ஷிஃப்ட் வந்துவிடும். கூரியர்காரரை வார்டன் கேட்டுக்குள் விடுவதும் இல்லை. எங்கள் அப்பா பாண்டுரங்கன் கம்பெனி பஸ் ஓட்டுகிறார், மற்ற டிரைவர்களையும் தெரியும். முகவரியை மொத்தமாகத் தூக்கிவிட்டு ‘பஸ் ரூட் நம்பர்’ என்று ஒரே கட்டம் வைத்துவிட்டேன். பார்சல் பஸ்ஸிலேயே கைக்குப் போய்விடும்.

முகவரி அப்புறம் வேண்டியிருக்குமே என்றான் அண்ணன். அப்புறம் என்றால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

இன்னொன்றும் செய்தேன். ஒவ்வொரு துணிக்கும் கீழே ‘கடைக்குச் சொல்ல’ என்று ஒரு சின்னப் பெட்டி. பாக்கெட் ஆழம், கை நீளம், அதில் எழுதலாம். அறை பதினான்கில் ஆறு பேருக்கும் ஒரே ஐடி, ஒரே பாஸ்வேர்ட், பிடித்த துணியைப் போட்டு வைக்க ஒரே கூடை. ஒருத்தி போடுவாள், இன்னொருத்தி எடுப்பாள், ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டு முடிவு செய்வார்கள்.

சரிபார்ப்பதற்காக ஒரு பொய்ச் சரக்கு போட்டிருந்தேன்: ‘ஓவர்டைம் இல்லாத ஞாயிறு, ஃப்ரீ சைஸ்’. எடுக்க மறந்துவிட்டேன். அறுபத்தோரு பேர் ஆர்டர் பண்ணியிருக்கிறார்கள். “இது இன்னா துணிடி கலை? நம்மகிட்ட ஸ்டாக் கீதா?” என்று கேட்கிறாள் அம்மா.

19 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிக் கூட்டம். கடைக்கு வந்தவர்களைவிடப் போனில் வந்தவர்கள் அதிகம். அம்மா மூன்று நாளாக மெஷினை விட்டு எழவில்லை. அப்பாவின் பஸ்ஸில் ஆட்களைவிடப் பார்சல்தான் உட்கார்ந்து போகிறது. ஸ்டூல் எனக்கு மறுபடி இல்லை. அப்பாடா.

2 நவம்பர், ஞாயிறு

நேற்றோடு கம்பெனி மூடியாகிவிட்டது.

பஸ் ஸ்டாப் முழுக்க சூட்கேஸ், வாளி, தலையணை. டீக்கடையில் பால் தீர்ந்துவிட்டது. நான் என்ன ஜோக் அடித்தாலும் யாரும் திட்டவில்லை. திட்டாமல் சிரித்தார்கள், அதுதான் தாங்கவில்லை.

டச் போனை யார் எடுத்துக்கொள்வது என்று சீட்டுக் குலுக்கினார்கள். சுகப்பிரியா அக்காவுக்கு விழுந்தது. பூமாரி அக்கா என் காதைத் திருகினாள். “கடையப் பூட்டிராதீங்கட்டி. நாங்க அதுலதான் வருவோம்,” என்றாள். அம்மா யாரிடமும் விடைபெறவில்லை. வந்த ஒவ்வொருத்தியின் தோளையும் ஒரு கண் பார்த்து, பாக்கெட் ஓரம் பிரிந்திருந்தால் அங்கேயே நிறுத்தித் தைத்துவிட்டாள். அதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது.

23 நவம்பர், ஞாயிறு

மூன்று ஞாயிறாக ஒரு ஆர்டரும் இல்லை.

நாமே கூப்பிட்டுக் கேட்கலாம் என்று அம்மா சொன்னாள். அறை பதினான்கின் டச் போன் நம்பர், பட்டன் போன் நம்பர்கள் எல்லாமே அணைந்து கிடக்கின்றன. ஊரில் வேறு சிம் போட்டிருப்பார்கள். சரி, கடிதம் போடலாம் என்றாள். முகவரி எடு என்றாள்.

எடுத்தேன். ரூட் 27, மூன்றாவது சீட். ரூட் 27, டிரைவர் பின்னால். ரூட் 12, வாந்தி எடுக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில்.

அம்மாவிடம் முந்நூறு பெண்களின் இடுப்பளவு இருக்கிறது. ஒருத்தியின் முகவரி இல்லை. நான்தானே தூக்கினேன். அப்புறம் என்றால் அப்புறம் — அந்த அப்புறம் வந்துவிட்டது. அம்மா மடித்த நைட்டிகளை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

7 டிசம்பர், ஞாயிறு

அறை பதினான்கின் கூடை அசைகிறது!

வெள்ளிக்கிழமை ஒரு நீல நைட்டி விழுந்திருக்கிறது. நேற்று நீலம் போய் மெரூன். இன்று மெரூனுக்குப் பக்கத்தில் ஒரு சுடிதார். ஆர்டர் மட்டும் வரவில்லை. ‘கடைக்குச் சொல்ல’ பெட்டியைத் திறந்தேன். கடைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“நீலம் எவளுக்கு? உனக்கு நீலம் ஆவாதுன்னு எத்தன தடவ சொல்லுதது.”

“அண்ணன் போன்ல இருந்து பாக்கேன். போன் பண்ணாதீங்க, மெசேஜும் வேண்டாம், எல்லாத்தையும் எடுத்துப் பாக்கான். இதுல எழுதுங்க. துணி பாக்கேன்னு சொல்லிக்கிடுதேன்.”

இது பூமாரி அக்கா. பெயர் போடாவிட்டாலும் குரல் கேட்கிறது.

ஆறு ஊரில் ஆறு பேர், கூடைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். படித்துவிட்டு மூடினேன். மறுபடி திறந்தேன். அடுத்தவர் கடிதம் இல்லையா? ஆனால் ‘கடைக்குச் சொல்ல’ என்றுதானே போட்டிருக்கிறது? — இந்தச் சாமர்த்தியத்தை அம்மாவிடம் காட்டினால் துடைப்பம்தான்.

14 டிசம்பர்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். துடைப்பம் வரவில்லை. படி என்றாள்.

படித்தேன். சுகப்பிரியா அக்கா ஏனோ எம் சைஸை எடுத்துவிட்டு இரண்டு எக்ஸ் எல் நைட்டி போட்டிருக்கிறாள், எழுத்து ஒன்றும் இல்லை என்றேன். அம்மாவின் கை மெஷினில் நின்றது. விரல் விட்டு எண்ணினாள்.

“நாலு மாசம் இருக்கும்,” என்றாள். நெட்டும் இல்லாமல் நோட்டும் இல்லாமல், சைஸிலேயே படித்துவிட்டாள். சாயங்காலமே கூடைக்குள் மற்றவர்கள் குலவை போட்டிருந்தார்கள்.

பிறகு பூமாரி அக்காவின் சுடிதார். அவள் எல் சைஸ். போன வாரம் எம். இப்போது எஸ் என்று மாற்றியிருக்கிறாள். வேறு ஒருத்தி ஏன் என்று கேட்டிருக்கிறாள். அம்மா எண்ணவில்லை. ரொம்ப நேரம் நூலைக் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

28 டிசம்பர், ஞாயிறு

பிரவீன் அண்ணனுக்கு ஓசூரில் வேலை. வாங்காத கூடையை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது, பொங்கலோடு சைட்டை மூடிவிடலாம் என்கிறான். நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்: “கடைக்கு வர பொண்ணுங்க எல்லாம் வாங்கிகினா போனாளுங்க? பாதி பேரு பேசிட்டுதான் போவாளுங்க. அதுக்கோசரம் ஷட்டரை இறக்கினோமா?”

இனி சைட்டை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணன் போனில் சொல்லிக்கொடுப்பானாம்.

11 ஜனவரி 2015, ஞாயிறு

கடையைக் காலி செய்தோம். மெஷின் சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த இடத்தில் பிரியாணிக் கடை வருகிறதாம்.

டிரயல் ரூம் திரையைக் கழற்றும்போது ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தி போட்டுப் பார்க்க ஆறு பேர் உள்ளே போவார்கள். திரை கர்ப்பிணி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். அப்பா பஸ் ஹாரனை அடித்தால் பாதி ஊக்கு மாட்டியபடியே ஓடுவார்கள், செருப்பு மாறிப் போகும். அடுத்த ஞாயிறு மாறிய செருப்போடு வந்து, மறுபடி சண்டை. நான் ஒருமுறை அப்பா ஹாரன் மாதிரியே வாயால் அடித்தேன். பதினைந்து பேர் ரோடு வரைக்கும் ஓடிவிட்டு வந்து என்னைப் பிடித்து, ஸ்டாக் நைட்டியில் சுற்றி, ஸ்டூல் மேல் நிற்க வைத்தார்கள். அன்றைக்கு அழுதேன். இன்றைக்கு அப்படி ஒரு உதை கிடைக்காதா என்று இருக்கிறது.

18 ஜனவரி, ஞாயிறு

பெரிய தப்பு பண்ணிவிட்டேன்.

கூடையில் பூமாரி அக்கா எழுதியிருந்தாள்: “ஞாயித்துக்கிழம மட்டுந்தான் அண்ணன் போன் தருவான். அதுவும் அர மணி நேரம். இங்க டவரு இல்ல, கடை தொறக்கதுக்குள்ள நேரம் போயிருது.” கடையை இன்னும் லேசாக்கிவிடலாம் என்று பிரவீன் அண்ணனுக்குப் போன் போட்டேன். பழைய குப்பையை அழி, ஒரு பட்டன் இருக்கும் என்றான். அதில் வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. எது எது என்று கேட்காமல் எல்லாவற்றிலும் டிக் போட்டேன். பழைய கூடைகளும் அதில் ஒரு கட்டம்.

இப்போது கடை கண்ணைச் சிமிட்டுவதற்குள் திறக்கிறது. உள்ளே யாரும் இல்லை. ஆறு வாரப் பேச்சு. அண்ணனாலும் எடுக்க முடியவில்லை.

25 ஜனவரி

காலி.

1 பிப்ரவரி, ஞாயிறு

காலி. அவர்கள் என்ன நினைப்பார்கள்? யாரோ பார்த்துவிட்டார்கள் என்று பயந்திருப்பார்கள். பூமாரி அக்கா அவள் அண்ணன்தான் பார்த்து அழித்தான் என்று நினைத்தால்? போன் பண்ண முடியாது. முகவரி இல்லை. போய்ப் பார்க்கலாம் என்றால், சங்கரன்கோவில் பக்கம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பாஸ்வேர்ட் உனக்குத் தெரியும்தானே, அறை பதினான்காக உள்ளே போ என்றாள். எஸ் சைஸ் சுடிதார் ஒன்றைக் கூடையில் போடச் சொன்னாள். பெட்டியில் எழுதச் சொன்னாள். நான் அடித்தேன்: ‘அம்சா கடையிலிருந்து. தெரியாமல் நாங்கள்தான் அழித்துவிட்டோம். வேறு யாரும் பார்க்கவில்லை.’

“நாம படிச்சிகினு இருந்ததையும் போடு,” என்றாள்.

போட்டால் இனி ஒருத்தியும் எழுதமாட்டாள் என்றேன். கெஞ்சிக்கூடப் பார்த்தேன்.

“எழுதலன்னா போட்டும். தெரியாத மாதிரி இருந்துகினு அவளுங்களுக்கு நான் எப்டிடி துணி தைப்பேன்? போடு.”

போட்டேன்.

8 பிப்ரவரி

சுடிதாரை யாரோ கூடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு வார்த்தை இல்லை. எங்கள் குறிப்பும் அதோடு போயிற்று.

அம்மாவிடம் காட்டினேன். “படிச்சிட்டாங்க இல்ல,” என்றாள். அவ்வளவுதான். நான் கொல்லைப்புறம் போய் அழுதேன். இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

1 மார்ச், ஞாயிறு

அப்பாவுக்கு ஒரகடத்தில் வேறு கம்பெனி பஸ். அதில் எல்லாரும் ஆண்கள். யாரும் சண்டையே போடுவதில்லை, தூக்கம் வருகிறது என்கிறார்.

கூடை காலி.

22 மார்ச், ஞாயிறு

பாலிடெக்னிக் நோட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். கூடை அசைந்தால் கூப்பிடும்படி வைத்திருந்த போன் ஒரு சத்தம் போட்டது. பார்க்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது. எடுத்துப் பார்த்தால், கூடையில் நான்கு துணி. நான் பார்க்கப் பார்க்க ஐந்தாவது விழுந்தது. எக்ஸ் எல் நைட்டி. அதன் கீழே, முதல் முறையாக, உண்மையிலேயே கடைக்கு:

“அம்சாக்கா, முன்னாடி ஜிப் வச்சுத் தாங்க. மே மாசம் வேணும். கலை இதெல்லாம் படிக்காள்னு எங்களுக்கு முதல்லயே சந்தேகம்தான். அவ படிச்சா படிக்கட்டும், சிரிக்காம படிக்கச் சொல்லுங்க.”

ஆறாவது விழ சாயங்காலம் ஆயிற்று. எஸ் சைஸ் சுடிதார், பாக்கெட் வைத்தது. பிறகு ஆர்டர். ரூட் நம்பர் கட்டத்தில் ‘பஸ் இல்ல’ என்று எழுதி, ஒவ்வொரு துணிக்கும் கீழே ஒரு முகவரி. ஆறு முகவரி. பூமாரி அக்காவுடையது வீட்டு முகவரி இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடம். “சோறாக்குதேன் அங்க. பார்சல் அங்ஙன வந்தா எங்கிட்டத்தான் வரும்.”

நான் கத்தின கத்தலில் அம்மா ஊசியைக் கையில் குத்திக்கொண்டாள்.

5 ஏப்ரல், ஞாயிறு

ஐந்து பார்சல் கட்டியாயிற்று. ஆறாவதை அம்மா கடைசியாக எடுத்தாள். எஸ் கேட்டவளுக்கு எம் அளவில் வெட்டினாள். தப்பு என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் தைக்க ஆரம்பித்துவிட்டாள். தையலை உள்ளே தள்ளி எஸ் ஆக்கினாள். இரண்டு பக்கமும் ஒன்றரை விரல் துணி உள்ளே மடங்கிக் கிடக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது.

“அவ சோறாக்குற எடத்துல இருக்கா. துன்னுவா,” என்றாள். “அப்ப பிரிச்சிக்கட்டும்.”

பிரிக்க வேண்டிய தையலை மட்டும் சிவப்பு நூலில் போட்டிருக்கிறாள். அதைச் சீட்டில் எழுதி பாக்கெட்டுக்குள் வைக்கச் சொன்னாள். நான் நான்கு ஜோக் எழுதிப் பார்த்தேன், நான்கையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். ‘சிவப்பு நூலைப் பிரித்தால் எம்’ என்று மட்டும் எழுதினேன். நாளைக் காலை படப்பை தபால் ஆபீஸ்.